எல்லா வேம்பும் ஒரே வேம்பு அல்ல

ஜூன் 5 வந்தால் திருகோணமலை மாவட்டத்தில் மரக்கன்றுகள் வண்டியேறும். பாடசாலை, பிரதேச செயலகம், கோயில் வீதி, பள்ளிவாசல் வளவு என்று எங்கும் மரநடுகை. குழிகள் முன்கூட்டியே தோண்டியிருக்கும். பொலித்தீன் பையில் கன்றுகள் வரிசையாக நிற்கும். படம் எடுப்பார்கள். எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு அன்று மாலையே செய்தியாகிவிடும். என்ன கன்று என்று கேட்டால் வேம்பு என்பார்கள், மருது என்பார்கள், புளி என்பார்கள். அந்த வேம்பின் விதை எந்த ஊரில் பொறுக்கியது, தாய்மரம் எந்த மண்ணில் நின்றது, ஒரு மரத்து விதையா பல மரத்து விதையா, நாற்றுமேடையில் கன்று நிழலில் வளர்ந்ததா வெயிலில் வளர்ந்ததா என்று மேலும் கேட்டால் பதில் இருக்காது. வேம்பு வேம்புதானே, இதில் என்ன கேள்வி என்பதே பெரும்பாலானோரின் எண்ணம்.

இந்த எண்ணம் பிழை. சாதாரணப் பிழையும் அல்ல. ஆண்டுதோறும் பணத்தையும் உழைப்பையும் பிள்ளைகளின் ஆர்வத்தையும் மண்ணில் போட்டுக் காயவைக்கும் பிழை. இனத்தின் பெயர் சரியாக இருந்தால் மரமும் சரியாக இருக்கும் என்று நம்புகிறோம். ஒரே இனத்து மரங்கள் இலையிலும் வேரிலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை அறிந்தவர்கள் இப்படி நம்ப முடியாது.

நெல்லில் நாம் ஒருபோதும் இப்படி நடந்துகொள்வதில்லை. தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ ஒரு விவசாயியிடம் போய், ஏதோ நெல் கொண்டுவந்திருக்கிறோம், விதையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். எந்த நெல், எத்தனை மாதத்து நெல், எந்த வயலில் விளைந்த விதை என்று கேட்காமல் மூட்டையைத் தொடமாட்டார். பச்சைப்பெருமாளும் மொட்டைக்கறுப்பனும் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தின் இலக்கமிட்ட இனங்களும் தாவரவியலாளரின் ஏட்டில் ஒரே இனந்தான். ஆனாலும் விவசாயிக்கு அவை வேறு வேறு பயிர்கள். தென்னைக்கு நாற்றுத் தேங்காய் எடுப்பவர்கள் தாய்மரத்தைப் பல ஆண்டு பார்த்துத்தான் எடுக்கிறார்கள். காட்டுக்குள் பாலைப்பழம் பறிக்கப் போகிறவர்கள் எந்த மரத்துப் பழம் தேனாக இனிக்கும், எந்த மரத்துப் பழம் பால் ஒட்டும் என்று மரம் மரமாகச் சொல்வார்கள். வாயில் போடுகிற பொருளில் இருக்கும் இந்தக் கவனம் இலைக்கும் வேருக்கும் வரும்போது காணாமற் போய்விடுகிறது. பழம் வேறுபடும் மரத்தில் இலையும் வேரும் மட்டும் எப்படி ஒரே அச்சாக இருக்கும்?

இதற்குப் பாடசாலையும் ஒரு காரணம். ஒட்டுப்புத்தகத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் இலையை ஒட்டச் சொல்கிறோம். கீழே பெயர் எழுதியதும் பாடம் முடிந்துவிடுகிறது. வேம்பின் இலை இதுதான் என்று பிள்ளையின் மனத்தில் ஒரு படம் பதிகிறது. அந்த இலை கையெட்டும் தாழ்ந்த கிளையில் பறித்தது. அதே மரத்தின் உச்சிக் கிளையிலிருந்து ஓர் இலையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் பாடம் அங்கேதான் தொடங்கியிருக்கும்.

கிளை பரப்பிய எந்தப் பெரிய வேம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் வெயில் விழும் உச்சியில் சிற்றிலைகள் சிறுத்தும் தடித்தும் இருக்கும். உள்ளே நிழலுக்குள் இருக்கும் இலை அகன்று மெலிந்திருக்கும். ஊடறுத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவு. வெயில் இலையில் ஒளியைப் பிடிக்கும் கலங்கள் தூண்போல நிமிர்ந்து, நெருங்கி, அடுக்குக் கூடி நிற்கின்றன. நிழல் இலையில் அந்த அடுக்கு ஒடுங்கிவிடுகிறது. ஒரு சதுர அங்குல வெயில் இலையைக் கட்ட மரம் செலவழிக்கும் பொருள், அதே அளவு நிழல் இலைக்குச் செலவழிப்பதைவிடக் கூட. அந்தச் செலவு வீணில்லை. கொளுத்தும் ஒளியில் வெயில் இலை அதிக உணவு சமைக்கும், காற்றுக்கும் வெப்பத்துக்கும் தாங்கும். நிழலில் இருப்பதற்கோ கிடைக்கும் கொஞ்ச ஒளியைப் பிடிக்கப் பரப்புத்தான் முக்கியம். பரம்பரையலகில் ஒரு வேறுபாடும் இல்லாத ஒரே மரம், தன் ஒவ்வோர் இலையையும் அது விரியும் இடத்துக்கு ஏற்றபடி கட்டுகிறது.

கவனிக்க வேண்டிய விடயம் இனித்தான். இலை விரியும் காலத்தில் எப்படிக் கட்டப்பட்டதோ பெரும்பாலும் அப்படியே கடைசிவரை இருக்கும். நிழலில் முற்றிய இலையைத் திடீரென்று வெயிலில் வைத்தால் அது வெயில் இலையாக மாறாது. கருகும். மரம் அதை உதிர்த்துவிட்டுப் புதிய இலை கட்டவேண்டும். பெரிய மரத்துக்குச் சேமிப்பு இருக்கிறது, கட்டிக்கொள்ளும். முழ உயரக் கன்றிடம் என்ன சேமிப்பு இருக்கும்?

நமது நாற்றுமேடைகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். வலை நிழல், காலையும் மாலையும் தண்ணீர், பையில் நல்ல எரு. கன்று மளமளவென்று வளர்கிறது, இலை பச்சைப்பசேலென்று அகன்று நிற்கிறது. வாங்க வருபவர் அதில் செழித்ததைப் பார்த்துத் தெரிந்தெடுக்கிறார். அவர் தெரிந்தெடுத்தது நிழல் இலை நிறைந்த, தாகம் அறியாத கன்றை. அதை ஜூன் மாதம் உப்புவெளி மணலிலும் கன்னியாக் கல்மண்ணிலும் கொண்டுபோய் வைக்கிறார். திருகோணமலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வடகீழ்ப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஜூன் நமக்கு ஆண்டின் மிக வரண்ட மாதங்களில் ஒன்று. மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து கச்சான் காற்று அனலாக வீசி மண்ணையும் இலையையும் உறிஞ்சுகிற காலம். 1972இல் ஸ்டொக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டை ஒட்டி உலகச் சுற்றாடல் தினத்துக்கு இந்தத் திகதியைக் குறித்தார்கள். நமது மாரிக்கும் அந்தத் திகதிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சுற்றாடல் தினத்தைக் கொண்டாடலாம், கூட்டம் வைக்கலாம், குப்பை பொறுக்கலாம். அன்று கன்று நடுவது மட்டும் கூடாது.

வேரின் கதை இதைவிட மோசம், ஏனென்றால் அதை எவரும் பார்ப்பதில்லை. மரம் தான் சமைத்த உணவை மேலுக்கும் கீழுக்கும் பங்கிடுகிறது. நீரும் சத்தும் அரிதான மண்ணில் வேருக்குக் கூடிய பங்கு போகும். அவை தாராளமாகக் கிடைக்கும்போது இலைக்கும் தண்டுக்கும் போகும். காலையும் மாலையும் நீர் குடித்த கன்றுக்கு ஆழம் தேடும் தேவை ஒருநாளும் வரவில்லை. தேடினாலும் போக இடமில்லை. வேம்பு பிறந்தவுடன் ஆணிவேரைக் கீழே செலுத்தும் மரம். பொலித்தீன் பையின் அடியில் முட்டிய ஆணிவேர் வளைகிறது, பின் சுற்றுகிறது. மாதக்கணக்கில் பையில் கிடந்த கன்றைக் கிழித்துப் பார்த்தால் அடியில் வேர் சுருளாகக் கிடக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராது. சில ஆண்டு கழித்துப் பெருங்காற்றில் சாயும் வீதியோர மரங்களில் சிலவற்றின் அடியைப் பார்த்தால் இந்தச் சுருளைக் காணலாம். காற்றில் விழுந்தது என்று எழுதுகிறோம். நாற்றுமேடையிலேயே விழுந்த மரம் அது.

தடையில்லாமல் வளரும் வேர் மண்ணைப் பொறுத்து எப்படியெல்லாம் மாறுகிறது! உலகில் பதிவான மிக ஆழமான மரவேர்களில் ஒன்று ஆபிரிக்காவின் கலகாரி வரள்நிலத்தில் 68 மீற்றர் கீழே போயிருக்கிறது. இங்கே அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மணல் நீரை நிறுத்தாது. மேல்மண் மழை விட்ட சில நாளிலேயே காய்ந்துவிடும், ஈரம் கீழே இருக்கும். அங்கே பிழைக்கும் வேம்பு ஆழத்தை நம்பித்தான் பிழைக்கிறது. தம்பலகாமத்து வண்டல் களியில் மாரிக்காலத்தில் நீர் தேங்கும். நீர் தேங்கிய மண்ணில் வேருக்கு ஒட்சிசன் கிடைக்காது, வேம்பின் வேர் அதைத் தாங்காது. அங்கே வேர் மேட்டையும் வரம்பையும் தேடிப் பக்கவாட்டில் பரவ வேண்டும். கன்னியாப் பக்கத்துக் கல்லடுக்கில் பிளவு எங்கே போகிறதோ அங்கேதான் வேரும் போகமுடியும். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இந்த மூன்று நிலமும் வந்துவிடுகின்றன. மூன்றுக்கும் ஒரே வண்டியில் ஒரே நாற்றுமேடைக் கன்றை இறக்குகிறோம்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். நீங்கள் சொல்வதெல்லாம் மண்ணும் காற்றும் செய்கிற மாற்றந்தானே, மரம் தானே தன்னை மாற்றிக்கொள்ளும் என்றால் எந்த விதையாக இருந்தால் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை அறிவியல் நூறாண்டுக்கு முன்னரே தேடத் தொடங்கிவிட்டது. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு தோற்றத்தில் வளரும் ஒரே இனத்தை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே நிலத்தில் பக்கம் பக்கமாக நட்டுப் பார்ப்பதுதான் வழி. வேறுபாடு மறைந்தால் அது மண்ணின் வேலை. மறையாமல் நின்றால் அது பிறப்பில் வந்தது. சுவீடனில் கோத்தே துரேசன் என்ற தாவரவியலாளர் இப்படி நட்டுப் பார்த்து 1922இல் எழுதினார்: கடற்கரைச் செடிகளிற் பல, உள்நாட்டுத் தோட்டத்துக்கு வந்த பிறகும் கடற்கரைச் செடியாகவே நின்றன. மரத்தில் இதற்கும் நூறாண்டு முன்னதாக, 1820களில், பிரான்சின் லெ பார் தோட்டத்தில் வில்மோரின் என்பவர் ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து ஒரே இனப் பைன் மரத்தின் விதைகளைத் தருவித்து வரிசையாக நட்டிருந்தார். ஊருக்கு ஊர் அந்த மரங்களின் தண்டு வேறு, வளர்ச்சி வேறு என்பதை அந்தத் தோட்டம் காட்டியது.

வேம்பிலும் இது செய்யப்பட்டிருக்கிறது. 1990களில் குண்டு, திகர்ஸ்தெத் என்ற இருவர் பத்து இடங்களின் வேம்பு விதைகளை ஒரே வளர்ப்பறையில், ஒரே ஒளியில், ஒரே வெப்பத்தில் வளர்த்தார்கள். இலைப்பரப்பு, இலைவாய்களின் தன்மை, ஒளித்தொகுப்பின் வேகம், முழுக் கன்றின் எடை எல்லாவற்றையும் அளந்தார்கள். மண் ஒன்று, நீர் ஒன்று, ஒளி ஒன்று என்றிருந்தும் பத்து ஊர் வேம்பும் ஒன்றாக நிற்கவில்லை. இலைவாய் என்பது மரம் மூச்சுவிடும் துளை, நீரை இழக்கும் துளையும் அதுவே. எத்தனை துளை, எவ்வளவு பெரிய துளை என்பது கச்சான் காற்றில் ஒரு கன்று எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்குகளில் ஒன்று. அந்தக் கணக்கின் ஒரு பகுதி விதைக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது. ஆகவே மண் ஒரு பங்கைச் செய்கிறது, பிறப்பு ஒரு பங்கைச் செய்கிறது. மரம் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பது உண்மை. எவ்வளவு தூரம் மாற்றிக்கொள்ளும் என்ற எல்லையைத் தாய்மரங்களின் வரலாறு வைத்திருக்கிறது.

இது ஏதோ நுட்பமான சிறு வேறுபாடு, நடைமுறைக்கு ஒன்றுமில்லை என்று ஒதுக்குபவர்களுக்கும் பதில் உண்டு. உலகெங்கும் 629 தாவரக் கூட்டங்களின் அளவுகளைத் திரட்டி 2015இல் வெளிவந்த ஒரு பெரும் ஆய்வு, ஓரிடத்துத் தாவரங்களிடையே காணும் பண்பு வேறுபாட்டில் ஏறத்தாழ 25 வீதம் இனங்களுக்கு இடையில் இல்லை, ஒரே இனத்துக்குள்ளேயே இருக்கிறது என்று கண்டது. இடத்துக்கு இடம் ஒப்பிட்டால் அது 32 வீதம். காற்பங்குக்குக் குறையாத உண்மையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிட்டு மரம் நடுகிறோம்.

நமது துறைமுகத்தின் பெயரைச் சுமந்த ஒரு கப்பலே இதற்குச் சாட்சி. பிரித்தானியக் கடற்படையின் ‘திருகோணமலை’ என்ற போர்க்கப்பல் 1817 ஒக்டோபர் 12இல் பம்பாயில் நீரில் இறங்கியது. கட்டியவர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா. நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரம் அருகியிருந்த காலம், ஆகவே மலபார்த் தேக்கில் கட்டினார்கள். இருநூறு ஆண்டு தாண்டியும் அந்தக் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. தேக்கு என்பது ஒரே இனம். ஆனாலும் மர வணிகர்கள் மலபார்த் தேக்கு, பர்மாத் தேக்கு என்று வெவ்வேறு பெயரிட்டுத்தான் விற்றார்கள், வாங்கினார்கள். தாவரவியல் படிக்காத கப்பல் தச்சனுக்குத் தெரிந்திருந்த உண்மை, ஆய்வுகூடமும் பல்கலைக்கழகமும் உள்ள நமக்கு மரநடுகை நாளில் மறந்துபோகிறது.

இந்த மறதியின் விலையை நாம் மிக அதிகமாகக் கொடுத்தது கண்டற்காடுகளில்.

கிண்ணியாப் பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் தம்பலகாமக் குடா. மகாவலி மூதூர்ப் பக்கம் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மாரியில் நீர் இனிக்கும் இடமும் உண்டு, கோடையில் கடலைவிட உப்பேறும் ஒதுக்குகளும் உண்டு. இந்த நீர்விளிம்பெங்கும் வெண்கண்டல் நிற்கிறது. நன்னீர் கலந்து, சத்துச் சேறு படியும் இடத்தில் அது பத்து மீற்றர் மரமாக எழும்பும். நீர் ஆவியாகி உப்புப் பொருக்கு வெடிக்கும் பின்புறத் திட்டில் இடுப்பளவுப் புதராக நின்றுவிடும். உப்புக் கூடக் கூட இலை சிறுத்துத் தடிக்கும். வேர் உப்பின் பெரும்பகுதியை வாசலிலேயே தடுத்துவிடுகிறது. தப்பி வந்ததை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. வரண்ட நாளில் இலைமேல் உப்புப் படிகம் மின்னுவதைக் காணலாம், நாக்கில் வைத்தால் கரிக்கும். சேற்றிலிருந்து விரலளவு நீட்டிக்கொண்டு நிற்கும் மூச்சுவேர்கள் இடத்துக்கு இடம் உயரத்திலும் நெருக்கத்திலும் மாறுகின்றன, நீர் எவ்வளவு நேரம் மூடிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்து. 1955இல் ஸ்கொலாண்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் புளோரிடாவில் கண்டல் வேர்களின் மூச்சுத் துளைகளை அடைத்துப் பார்த்தார்கள். சேற்றுக்குள் இருக்கும் வேரில் ஒட்சிசன் சரிந்துபோனது. அந்தச் சிறு வேர்கள் நீர்மட்டத்துக்கு மேலே வர முடியாத இடத்தில் கன்று வைத்தால் அது மூழ்கித்தான் சாகும்.

குட்டையாக நிற்பதெல்லாம் பிறவிக் குட்டை என்று எண்ணவும் கூடாது. பெலீஸ் நாட்டின் ட்வின் கேஸ் தீவுகளில், ஆள் உயரங்கூட இல்லாமல் பல்லாண்டு தேங்கி நின்ற கண்டல்களுக்கு இல்கா ஃபெல்லர் என்ற ஆய்வாளர் பொசுபரசு இட்டுப் பார்த்தார். தேங்கி நின்றவை எழும்பி வளர்ந்தன. 1995இல் அந்த முடிவு வெளிவந்தது. அங்கே குறை மண்ணில் இருந்தது. இன்னோர் இடத்தில் குறை விதையில் இருக்கலாம், மற்றோர் இடத்தில் நீரோட்டத்தில் இருக்கலாம். இனப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எது எங்கே என்று சொல்ல முடியாது. மரத்தின் இலையையும் வேரையும் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் கண்டல் நடும் வேகம் வந்தது. கரையைக் கண்டல் காக்கும் என்றார்கள், அதில் பிழையில்லை. பிழை நட்ட விதத்தில் இருந்தது. நீண்ட காய்போல முளைத்துத் தொங்கும் கண்டல் முளையைப் பறிப்பது எளிது, சேற்றில் குத்துவது அதைவிட எளிது. ஆகவே எங்கும் அந்த ஒரே வகையை, எட்டிய இடத்தில், பெரும்பாலும் நீர் ஆழமாக மூடும் அலைத்திட்டுகளில் குத்தினார்கள். கொடிகாரவும் அவரோடு இலங்கை, பெல்ஜியம் ஆய்வாளர்களும் நாடெங்கும் 23 இடங்களைத் திரும்பப் போய்ப் பார்த்து 2017இல் எழுதிய கட்டுரையை மரம் நடும் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும். 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை முயன்ற இடத்தில் 200 முதல் 220 ஹெக்டேயர்தான் தேறியிருந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை மூன்றே இடங்கள்: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரையில். செலவான பணம் ஏறக்குறைய 13 மில்லியன் டொலர்.

விதையின் ஊர் மட்டுமே இந்தத் தோல்விக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. பிழையான இடம், பிழையான ஆழம், நட்டபின் பராமரிப்பின்மை, மாடு மேய்ந்தது எல்லாம் சேர்ந்துதான் அழித்தன. ஆனால் இவை அத்தனைக்கும் வேர் ஒன்றே. கண்டல் என்றால் கண்டல், குத்தினால் முளைக்கும் என்ற எண்ணந்தான் அது. எந்த நீரில் நின்ற மரம், அதன் மூச்சுவேர் எந்த உயரம், இலை எவ்வளவு தடிப்பு என்று கேட்டிருந்தால் இடத்தைப் பற்றிய கேள்வியும் தானாக வந்திருக்கும். பிறகு இந்த நாடு ஓரளவு பாடம் கற்றது. நீரோட்டத்தைத் திறந்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் தாய்மரங்களின் முளைகள் தாமாக வந்து ஊன்ற இடம்விடும் முறைக்கு மெல்ல வந்திருக்கிறார்கள். அந்தத் திசைமாற்றத்துக்காகவே 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை உலக முன்மாதிரிகளில் ஒன்றாக அறிவித்தது. நீரில் கற்ற பாடத்தைக் கரைக்கு ஏன் கொண்டுவரவில்லை?

இன்னொரு வாதம் பணத்தைப் பற்றியது. இதையெல்லாம் பார்க்க நேரமும் காசும் எங்கே, நூறு நட்டால் பத்தாவது பிழைக்கும், அது போதும் என்பார்கள். பத்துப் பிழைக்கும் என்று நிச்சயம் எங்கே இருக்கிறது? மேலே சொன்ன ஒன்பது இடங்களில் பத்தல்ல, ஒன்றும் பிழைக்கவில்லை. பிழைத்தாலும் எது பிழைக்கிறது? ஒரே தாய்மரத்தின் விதையிலிருந்து ஆயிரம் கன்று எழுப்பினால் ஆயிரமும் உடன்பிறப்புகள். ஒன்றைக் கொல்லும் வரட்சி எல்லாவற்றையும் கொல்லும். ஒன்றில் ஏறும் பூச்சி எல்லாவற்றிலும் ஏறும். பின்னர் அவை பூத்துக் காய்த்துத் தரும் விதையும் நெருங்கிய உறவுக் கலப்பில் மெலியும். தொகையைக் கூட்டியதால் ஆபத்துக் குறையவில்லை, ஒரே ஆபத்தைப் பெருக்கியிருக்கிறோம். பல தாய்மரத்திலிருந்து விதை எடுக்க அதிகச் செலவு எதுவும் இல்லை. கால் நடையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

காலநிலை மாறிவருகிறது, நமது ஊர் விதையையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் நாளைய வெப்பத்துக்கு அது போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். இதை மதிக்கிறேன், ஏனென்றால் விதையின் ஊர் முக்கியம் என்பதை ஒப்புக்கொண்டு எழும் கேள்வி இது. மன்னார்ப் பக்கத்து வரண்ட நிலத்து வேம்பு விதையையும் கொஞ்சம் கலந்து நடுவது அறிவுள்ள முயற்சியாகலாம். ஆனால் தெரிந்து கலப்பது வேறு, தெரியாமல் கொட்டுவது வேறு. எந்த வரிசையில் எந்த ஊர் விதை நிற்கிறது என்று எழுதி வைக்காவிட்டால் இருபது ஆண்டு கழித்து எது வென்றது என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே நான் கேட்பவை நடைமுறைக்கு எட்டாதவை அல்ல. வேம்பு சித்திரையை ஒட்டிப் பூத்து, கோடை நடுவில் பழம் உதிர்க்கிறது. அதன் விதை நெல்போல மூட்டையில் கிடக்காது, சில வாரங்களில் முளைக்கும் வலுவை இழந்துவிடும். ஆடியில் பொறுக்கி உடனே ஊன்றினால் கார்த்திகை மழைக்குச் சிறு கன்று ஆயத்தமாக இருக்கும். சாண் உயரந்தான் இருக்கும், படத்துக்கு எடுப்பாகத் தெரியாது. ஆனால் ஆணிவேர் இன்னும் சுற்றியிராது. முடிந்த இடத்தில் நேரடியாகக் குழியிலேயே விதையை ஊன்றலாம், அதைவிட நல்ல வேர் எந்த நாற்றுமேடையும் தராது. மணற்கரைக்கு மணற்கரை மரங்களிலிருந்தும் வண்டலுக்கு வண்டல் மரங்களிலிருந்தும், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் பல மரங்களிலிருந்தும் விதை எடுக்கவேண்டும். நடுவதற்குச் சில வாரம் முன்னரே நிழல் வலையை நீக்கி, தண்ணீரைக் குறைத்து, வெயில் இலை விரிய விடவேண்டும். கன்றின் பையில் தாய்மரத்து ஊரின் பெயர் இருக்கவேண்டும். வனப் பாதுகாப்புத் திணைக்களமும் பிரதேச சபைகளும் நிதி கொடுக்கும் நிறுவனங்களும் நட்ட தொகையைக் கேட்பதை விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டு உயிரோடு நிற்கும் தொகையைக் கேட்கவேண்டும். இந்த ஒரு கேள்வி மாறினால் மற்றவை பாதி மாறும்.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. நிலாவெளி மணல் பக்கத்திலேயே. அந்த வளாகத்தின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் வேண்டுகிறேன்: குச்சவெளி, கன்னியா, தம்பலகாமம், மூதூர், வெருகல் என்று இந்த மாவட்டத்தின் ஐந்து நிலங்களிலிருந்து வேம்பு விதை எடுத்து, ஒரே காணியில் பக்கம் பக்கமாக ஊன்றுங்கள். இலையை அளவுங்கள், இரண்டாம் ஆண்டில் சிலவற்றைத் தோண்டி வேரை அளவுங்கள். முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் கொடுங்கள். பாடசாலை அதிபர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஜூன் 5இல் உங்களிடம் கன்று கொண்டுவந்தால் வாங்கி வையுங்கள், கார்த்திகை மழை விழும்வரை நடவேண்டாம். கொண்டுவந்தவரிடம் இது எந்த ஊர் விதை என்று பிள்ளைகளைக்கொண்டே கேளுங்கள்.